புதுச்சேரி நம்பர், மஞ்சள் நிற ஹுராகான் ஸ்பைடர்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

மஞ்சள் நிற லம்போர்கினி ஹுராகான் ஸ்பைடர் (கூரையை மடக்கிக்கொள்ளும் சூப்பர் கார்) ஒன்றின் படங்கள் இப்போது வாட்ஸ்அப்பில் கைமாறி கைமாறிப் போய்க்கொண்டிருக்கின்றன. 2017 மாடல், புதுச்சேரி பதிவு, சிங்கிள் ஓனர், நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, கார் சேகரிப்பவர்களுக்கு மட்டும் என்று கூடவே ஒரு குரல் பதிவும் வரும். அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு என் அக்கா வீட்டுக்காரர் இன்றுவரை பாதிப் பணத்துக்கு மேல் திரும்பக் கிடைக்காமல் அலைந்துகொண்டிருக்கிறார். அதே வண்டி மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது என்று போன வாரம் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தான் கடலூரில் தொழில் செய்பவர். பழைய பத்மினி, கான்டெஸா கார்கள் என்று தேடிப் பிடித்து, பார்த்துப் பார்த்து வைத்திருப்பவர். ஓப்பன் டாப் சூப்பர் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. புரோக்கர் அந்த ஆசையைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, டர்போ இல்லாத 5.2 லிட்டர் வி10. 610 குதிரைத்திறன். கம்பெனியே இனி செய்யாது. இன்னைக்கு விட்டா அப்புறம் கிடைக்காது" என்றார். அதில் பொய் இல்லை. ஹுராகானுக்கு அடுத்து 2024-இல் லம்போர்கினி அறிமுகப்படுத்திய டெமராரியோவில் இருப்பது வி10 என்ற பத்து சிலிண்டர் எஞ்சின் இல்லை, டர்போ வைத்த எட்டு சிலிண்டர் வி8, கூடவே மின்மோட்டார்கள். இதனால்தான் பழைய வி10 வண்டிகளுக்கு, அதுவும் குறைவாக ஓடியவற்றுக்கு, சேகரிப்பவர்களிடம் இவ்வளவு மவுசு. இன்னொரு பார்ட்டி கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டார் என்று சொல்லி, வண்டியை நேரில் காட்டுவதற்கு முன்பே ஐந்து லட்சம் டோக்கன் வாங்கிவிட்டார் புரோக்கர்.

கடலூரில் எனக்கு சீட் கவர், கார் சுத்தம் செய்யும் கடை. அத்தான் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கோட்டக்குப்பம் பக்கம் ஒரு ஷெட்டில், பொழுது சாய்ந்த பிறகுதான் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்க்க வண்டி பளபளவென்றுதான் இருந்தது. கதவைத் திறந்ததும் ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை மூக்கில் அடித்தது. நன்றாக இருக்கும் வண்டிக்கு யாரும் இவ்வளவு தெளிப்பதில்லை.

நான் முதலில் செய்தது சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்ததுதான். யாரும் கடைசிவரை இழுக்க மாட்டார்கள் என்பதால், வண்டியைக் கழுவுகிறவர்களும் அந்தப் பகுதியைக் கழுவ மாட்டார்கள். பெல்ட்டின் கடைசி ஒன்றரை சாண் நீளம் செம்மண் நிறத்தில் இருந்தது. அது முடியும் இடத்தில் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல ஒரு கோடு. அப்புறம் போனில் டார்ச் போட்டு சீட்டுக்கு அடியில் வீடியோ எடுத்தேன். சீட் தண்டவாளத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளில் துரு, அதன் பள்ளத்தில் காய்ந்த வண்டல். மிதியடி புதுசு, அதற்குக் கீழே இருந்த கம்பளத்தின் ஓரம் மொறமொறவென்று விறைத்துப்போயிருந்தது.

டாப்பை இறக்கிக் காட்டச் சொன்னோம். "பேட்டரி வீக் சார்" என்றார் புரோக்கர். என் வண்டியிலிருந்த ஜம்ப் ஸ்டார்ட்டரைப் போட்டோம். ஸ்பைடரின் துணி டாப் 17 நொடியில் மடங்கி உள்ளே போக வேண்டும். 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும்போதே மடக்கலாம். இதில் பின்மூடி தூக்கியது, டாப் பாதி மடங்கியது, மோட்டார் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. டிஸ்ப்ளேயில் எச்சரிக்கை வந்தது. அதற்குப் பிறகு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அந்த டாப்பை இயக்குவது ஹைட்ராலிக் பம்பும் அதற்கான மின்னணுப் பெட்டியும். தண்ணீரில் ஊறிய வண்டியில் இப்படி ஒவ்வொன்றாகத்தான் படுக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் வெள்ளம். இந்தப் பக்கம் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை கரை மீறியதில் கடலூரும் தப்பவில்லை. அந்த டிசம்பர் முழுக்க என் கடைக்கு வந்ததெல்லாம் தண்ணீரில் நின்ற வண்டிகள்தான். அதனால் அந்த பெல்ட்டில் பார்த்த வெள்ள நிறத்தையும் தண்ணீர் நின்ற கோட்டையும் நான் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

அடுத்து இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டோம். சமீபத்திய ஒன்றை மட்டும் அனுப்பினார்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, சுழி. கிளெய்ம் செய்யாத வண்டிக்கு அது முதல் வருடம் முடிந்ததும் 20 சதவீதம், ஐந்து வருடம் கடந்தால் 50 சதவீதம். 2017 முதல் ஒரே ஓனர், ஒரு கீறல்கூட இல்லை என்றால் 50 இருந்திருக்க வேண்டும். "பாலிசி கொஞ்ச நாள் விட்டுப்போச்சு" என்றார் புரோக்கர். 90 நாளுக்கு மேல் விட்டுப்போனால் போனஸ் போகும் என்பது உண்மைதான். ஆனால் முந்தைய பாலிசி முடிந்த தேதியும் அதே தாளில் அச்சாகியிருந்தது. இடைவெளியே இல்லை. அதாவது, இடையில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள். அத்தானுக்கு அதோடு எல்லாம் புரிந்துவிட்டது.

இதில் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டவில்லை என்றே நினைக்கிறேன். வண்டி நிஜமாகவே அவ்வளவுதான் ஓடியிருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான், அது சரியாக இருந்தால் மனசு இறங்கிவிடுகிறது. ஏன் ஓடவில்லை, எங்கே நின்றது, என்ன நிலையில் நின்றது என்று கேட்கத் தோன்றுவதில்லை. டயரும் அப்படித்தான். பட்டன் தேயவே இல்லை என்று பெருமையாகக் காட்டினார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அங்கே 17 என்று முடிந்தது. அந்த வயசான ரப்பரில் இந்த வண்டியின் வேகத்தில் போவது உயிரோடு விளையாடுவது.

புதுச்சேரி பதிவு என்பதால் வரி மிச்சம் என்பார்கள், அதையும் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவை மாற்றியாக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு. வரி இங்கேயும் கட்ட வேண்டும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசு கார் பதிந்தவர்கள் 2017-இல் கேரளத்தில் எவ்வளவு சிக்கலில் மாட்டினார்கள் என்பது பேப்பரில் வந்ததுதான்.

டோக்கனைத் திருப்பிக் கேட்டபோது, "அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது, நீங்கதான் வேண்டாம்னு சொல்றீங்க" என்றார். அதுவரை அண்ணே, அண்ணே என்று குழைந்தவர் அன்றைக்கு எடுத்தெறிந்து பேசினார். அத்தான் அதற்கெல்லாம் கலங்குகிறவர் இல்லை, ஆனால் அன்று இரவு சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு இரண்டு லட்சம் வந்தது. மீதிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில், அதாவது ஏமாற்றுக் குற்றத்துக்கு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் போனதால் அதற்கு ஆதாரம் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

இந்த மாதிரி வண்டி பார்க்கப் போகிறவர்கள் பகலில் போங்கள், டாப்பை முழுசாக மடக்கி மறுபடி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், கடந்த மூன்று வருடப் பாலிசிகளையும் கேளுங்கள். லம்போர்கினி சர்வீஸ் சென்டர் பெங்களூரில் இருக்கிறது. லாரியில் ஏற்றி அங்கே அனுப்பிப் பார்க்கிற செலவு, வண்டி விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பரிசோதனையில் தேறாவிட்டால் முழுத்தொகையும் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்.

இப்போது சுற்றும் புதுப் படங்களில் டாப் மடக்கியே இருக்கிறது, பெல்ட்டும் புதுசாகத் தெரிகிறது. படம் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இதே வண்டிக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள். அத்தானின் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.