ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு க்ரூஸ்: நான் ஏமாந்த கதை

நேற்று ராத்திரி எங்கள் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா வாட்ஸாப் குழுவில் மறுபடியும் அதே விளம்பரம். "சான் பிரான்சிஸ்கோவில் ஏறுங்கள், அலாஸ்காவில் இறங்குங்கள். 11 இரவு, ஒரே கப்பல், ஒரே அறை, நடுவில் பெட்டி கட்டும் வேலையே இல்லை." படம்கூட அதேதான், தேதி மட்டும் புதுசு. கீழே நாலு பேர் விலை கேட்டிருந்தார்கள், அதில் ஒருவர் ஊரிலிருந்து வருகிற மாமனார் மாமியாரைக் கூட்டிப்போக வேண்டும் என்று வேறு எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஏஜென்ட் பெயரைப் போட மாட்டேன், விவகாரம் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

அப்பா அம்மா போன வருஷம் திருச்சியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்தார்கள். அப்பாவுக்கு ரொம்ப நாளாகப் பனிப்பாறை பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்கி பஸ் மாறி ஹோட்டல் மாறிப் போகிற டூர் எதுவும் சரிப்படாது. இந்த நிலைமையில் "ஒரே கப்பல், ஒரே அறை" என்று ஒருத்தர், அதுவும் நம்ம ஊர்க்காரர், சொன்னால் எப்படி இருக்கும்? சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வான்கூவர் வரை 4 இரவு ஒரு க்ரூஸ், அதே கப்பல் அன்றைக்கே வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் வரை 7 இரவு இன்னொரு க்ரூஸ். மே மாதத் தொடக்கத்தில் கப்பல்கள் வடக்கே போகும்போது இப்படி அமையும். இரண்டையும் சேர்த்து அவர் ஒரு பேக்கேஜாக்கி விற்றார். நாங்கள் நாலு பேர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பால்கனி அறை. கார்டில் கட்டினால் 3 சதவீதம் அதிகம், வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினேன். முதல் தப்பு அது, என் தப்பு.

கனடா விசா பற்றிக் கேட்டதற்கு, "கப்பல்ல போறவங்களுக்கு அதெல்லாம் கேக்க மாட்டாங்க சார்" என்றார். இதை மட்டும் நல்லவேளையாக நான் நம்பவில்லை. என்னிடமும் மனைவியிடமும் கிரீன் கார்டு இருக்கிறது, எங்களுக்கு விசா வேண்டாம். ஆனால் அமெரிக்க விசிட்டர் விசாவில் வந்திருக்கிற இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கனடாவில் கால் வைக்கக் கனடா விசா வேண்டும், கப்பலில் வந்தாலும் வேண்டும். ஆளுக்கு 100 கனடா டாலர் கட்டணம், கைரேகை எடுக்க 85. வாங்கிவிட்டோம். அப்போதே இந்த ஆளிடம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மார்ச் கடைசியில் கப்பல் கம்பெனியின் தளத்தில் செக்-இன் செய்து எல்லோருடைய பாஸ்போர்ட் எண்ணையும் ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து ஒரு மெயில் வந்தது. நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு பயணங்களும் சேர்ந்தால் அமெரிக்கச் சட்டத்துக்கு மாறாகிறது, ஒன்றை மாற்றியாக வேண்டும், உங்கள் ஏஜென்ட்டைத் தொடர்புகொள்ளவும் என்று. ரொம்ப மரியாதையான மெயில். ஏஜென்ட்டைக் கூப்பிட்டால், "அது கம்ப்யூட்டர் தானா அனுப்புறது சார், கண்டுக்காதீங்க, நான் பேசிக்கறேன்" என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1886-இல் போட்ட பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி உள்ள கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பாற்றப் போட்டது. ஆனால் இன்றைக்கு நாம் ஏறுகிற பெரிய கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று பதிவானவை, அமெரிக்கக் கொடியோடு ஓடும் பெரிய க்ரூஸ் கப்பல் ஹவாயில் ஓடுகிற ஒன்றே ஒன்றுதான். யாரைக் காப்பாற்றுகிறார்களோ! சரி, சட்டம் சட்டம்தானே. நடுவில் ஒரு "தூரத்து" வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டிருந்தால் விட்டுவிடுவார்கள், ஆனால் கனடா, மெக்சிகோ, பஹாமாஸ் எல்லாம் அந்தக் கணக்கில் "பக்கத்து" வெளிநாடு. தென் அமெரிக்கா தூரம். புளோரிடாவில் கிளம்பிப் பனாமா கால்வாய் வழியாகக் கலிபோர்னியா வருகிற கப்பல்கள் கொலம்பியாவின் கார்தஹேனாவில் நின்று வருவது இதற்காகத்தான்.

இப்போது என் டிக்கெட்டைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வான்கூவர், தனியாகப் பார்த்தால் குற்றமில்லை, முடிகிற இடம் வெளிநாடு. வான்கூவரிலிருந்து விட்டியர், அதிலும் குற்றமில்லை, கிளம்புகிற இடம் வெளிநாடு. இரண்டையும் ஒரே கப்பலில் சேர்த்தால் சுங்கத்துறை அதை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அலாஸ்காவுக்கு, அதாவது அமெரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கே, ஒரே பயணமாகத்தான் பார்க்கும். தனித்தனி புக்கிங் எண் என்று சொல்லித் தப்ப முடியாது, வான்கூவரில் இறங்கி நாலு மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு ஏறினாலும் தப்ப முடியாது. தலைக்கு 300 டாலர் அபராதம் என்று சட்டத்தில் இருந்தது பணவீக்கத்துக்கு ஏற்ப ஏறி ஏறி இப்போது 800-ஐத் தாண்டிவிட்டது. அதைக் கப்பல் கம்பெனிக்குத்தான் போடுவார்கள், கம்பெனி நம் தலையில் கட்டும், டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதியிருக்கும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால் அந்த "ஒரே கப்பல்" இல்லாவிட்டால் பிரச்சினையே இல்லை. வான்கூவரில் இறங்கி வேறொரு கப்பலில் ஏறி அலாஸ்கா போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே கப்பல்தான் வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது, வான்கூவரில் ஏறி விட்டியர் போய் அதிலேயே வான்கூவர் திரும்பினால் 14 இரவு, தொடக்கமும் முடிவும் கனடா, சட்டம் தொடவே தொடாது. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிற சுற்றை இரண்டு தடவை அடுத்தடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் சரி, ஒவ்வொரு சுற்றிலும் கனடாவில் ஓரிடம் தொட்டால் போதும். தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

தெரிந்திருக்கிறது. எப்படிச் சொல்கிறேன் என்றால், இப்படிச் சேர்க்கும்போது கப்பல் கம்பெனியின் கணினி சாதாரணமாக அப்போதே தடுத்துவிடும் என்கிறார்கள். எங்கள் விஷயத்தில் ஏன் தடுக்கவில்லை என்று இரண்டு உறுதிச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தானே. அதனால் அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் என்கிற இடத்தில் எஃப்.என்.யு. (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். முதல் புக்கிங்கில் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருந்தது. இரண்டாவதில் அவர் மிஸ்டர் எஃப்.என்.யு. அம்மாவுக்கும் அப்படியே. எனக்கும் மனைவிக்கும் முன்பெயர் பின்பெயர் இடம் மாறியிருந்தது. சரி, கைத்தவறு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் புக்கிங்கில் என் மெயிலும் போன் நம்பரும், இரண்டாவதில் ஏஜென்ட்டின் மெயிலும் போன் நம்பரும். அதுவும் கைத்தவறா? பாஸ்போர்ட் எண்ணை நான் ஏற்றிய பிறகுதான் நாலு பேரும் அதே நாலு பேர் என்று கணினிக்குத் தெரிந்திருக்கிறது.

பத்து நாள் அவர் போனை எடுக்கவில்லை. நாங்கள் வீட்டில் பேசி, போனால் அலாஸ்கா மட்டும் போவோம், வான்கூவருக்கு விமானத்தில் போய்விடலாம் என்று முடிவு செய்து மெசேஜ் போட்டோம். பதினோராம் நாள் பதில் வந்தது, அலாஸ்காவை ரத்து செய்தாகிவிட்டதாம். ஏன் அதை? அதுதான் விலை அதிகம். திரும்பி வருகிற பணமும் அதிகம். எங்களைக் கேட்காமல் செய்த வேலை. அந்த நாலு பேர் டிக்கெட்டுக்குக் கட்டியது 5,120 டாலர். பணம் வராது சார், என் கம்பெனியில் கிரெடிட்டாக வைத்திருக்கிறேன், ஆளுக்கு 350 ரத்துக் கட்டணம் போக மீதிக்கு ஒரு வருஷத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்றார்.

நான் கப்பல் கம்பெனிக்கே போன் போட்டேன். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட் என்பதால் விவரம் பேச முடியாது என்று அந்தப் பெண் நாலைந்து தடவை சொன்னார். கடைசியில் இரக்கப்பட்டோ என்னவோ ஒரு வரி சொன்னார், முழுத் தொகையும் ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது, நாங்கள் எதுவும் பிடிக்கவில்லை. கம்பெனி முழுசாகக் கொடுத்த பணத்துக்கு இவர் எதற்கு ரத்துக் கட்டணம் பிடிக்கிறார்? கார்டில் கட்டியிருந்தால் அன்றைக்கே வங்கியிடம் ஆட்சேபம் போட்டிருக்கலாம். 3 சதவீதம் மிச்சம் பிடித்தேன் அல்லவா, அனுபவித்தேன்.

முதல் 4 இரவை மட்டும் போய் வந்தோம். அதை ரத்து செய்தால் அதுவும் போய்விடும் என்கிற நிலை. கோல்டன் கேட் பாலத்துக்கு அடியில் கப்பல் போனதை அப்பா முழுசாகப் படம் எடுத்தார், அது ஒன்றுதான் உருப்படி. அம்மா பதினோரு நாளைக்கென்று பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பாட்டிலில் அடைத்து வைத்திருந்தார், ஒரு பாட்டிலைத் திறக்கவே இல்லை.

வான்கூவரில் கனடா பிளேஸ் என்கிற துறைமுகம், வெள்ளைப் பாய்மரக் கூரை போட்டிருக்கும், காலையில் எட்டரைக்கெல்லாம் எங்களை இறக்கிவிட்டார்கள். விமானம் ராத்திரிதான். நேரம் போகாமல் பக்கத்துப் பாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், எங்கள் கப்பல் அங்கேயேதான் நின்றது. மத்தியானம் புது ஆட்கள் பெட்டியோடு ஏறினார்கள். அப்பா விரலை நீட்டி மாடிகளை எண்ணி எங்கள் பால்கனியைக் கண்டுபிடித்தார். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதே கப்பல்தானே போகுது? நாம ஏன்டா இறங்கினோம்?" என்று அப்பா மூன்றாவது தடவையாகக் கேட்டார். 1886-ஆம் வருஷத்துச் சட்டத்தை அந்த பெஞ்சில் வைத்து எப்படி விளக்குவது? கப்பல் கிளம்புகிற வரை அவர் எழுந்திருக்கவில்லை.

விட்டியருக்குப் பக்கத்து ஊரான ஆங்கரேஜிலிருந்து திரும்ப எடுத்திருந்த விமான டிக்கெட்டும் வீண். வான்கூவரிலிருந்து கடைசி நேரத்தில் எடுத்த நாலு டிக்கெட்டின் விலையைச் சொன்னால் மனைவி மறுபடி சண்டைக்கு வருவாள், விட்டுவிடுகிறேன்.

கலிபோர்னியாவில் டிராவல் விற்கிறவர்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் பதிவு செய்து, விளம்பரத்தில் சி.எஸ்.டி. என்று தொடங்கும் எண்ணைப் போட்டாக வேண்டும். இது எனக்குப் பணம் போன பிறகு தெரிந்தது. அந்த விளம்பரத்தை இப்போது பெரிதாக்கிப் பாருங்கள், போன் நம்பர் இருக்கும், கைகூப்பிய பொம்மை இருக்கும், அந்த எண் மட்டும் இருக்காது. குழுவில் விலை கேட்ட நாலு பேரும் முதலில் அவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். அப்புறம் இரண்டு புக்கிங்கிலும் பெயரும் மெயிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் "நான் பேசிக்கறேன்" என்றால் விடாதீர்கள், இந்த இரண்டு பயணத்தையும் ஒரே கப்பலில் போகலாமா என்று கப்பல் கம்பெனியிடமே போன் போட்டுக் கேளுங்கள். பத்து நிமிஷ வேலை.

அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சிறுவழக்கு நீதிமன்றத்திலும் போட்டிருக்கிறேன், தனி ஆள் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், இரண்டு தரப்பிலும் வக்கீல் கிடையாது, நாமே நின்று பேச வேண்டும். வழக்கு போட்ட மறுநாள் அவரிடமிருந்து 1,000 டாலர் வந்தது, "நல்லெண்ணத்தின் பேரில்" என்ற குறிப்போடு. மீதிக்கு அடுத்த மாதம் விசாரணை. இரண்டு புக்கிங் சீட்டையும் பெரிதாக அச்செடுத்து, பெயர்களை மஞ்சள் பேனாவால் அடையாளம் போட்டு ஃபைலில் வைத்திருக்கிறேன். அப்பா ஊருக்குப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் முதல் கேள்வி, "அந்த எஃப்.என்.யு. கேஸ் என்னடா ஆச்சு?"