பன்னிரண்டா, ஐந்தா, ஒன்றா? பழைய கட்டடங்களின் பராமரிப்புக் கணக்கு

கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றை முதல் ஆண்டில் கையாலேயே பிடுங்கிவிடலாம். பத்து ஆண்டு விட்டுவிட்டால் வேர் தடித்துச் செங்கல்லைப் பிளந்துவிடும். அப்புறம் சாரம் கட்ட வேண்டும், ஸ்தபதியை அழைக்க வேண்டும்.

நம் கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒரு குடமுழுக்கு என்பது மரபு. இதன் பலம் பெரியது. நாள் குறித்துவிட்டால் ஊரே பணம் தரும், உபயதாரர்கள் முன்வருவார்கள். ஆனால் நாள் தள்ளிப்போனால், அதற்கு முன் செய்யும் பழுதுபார்ப்பு வேலையான திருப்பணியும் தள்ளிப்போகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 1997க்குப் பிறகு 2020இல்தான் குடமுழுக்கு நடந்தது. மொத்தமாக வரும் பணம் கண்ணில் படுகிற வேலைக்கே முதலில் போவதும் எனக்கு வருத்தம்தான். வர்ணம் புதிதாகிறது, மேல்தளத்தில் அடைத்துக்கொண்ட மழைநீர் வடிகால் அப்படியே இருக்கிறது. அவசரத்தில் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் பூசிவிட்டால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். அடுத்த திருப்பணியில் அதைக் கொத்தி எடுக்கவே தனிச் செலவு.

இங்கிலாந்துத் திருச்சபையில் 1955இல் சட்டமாக வந்த முறைப்படி, தேவாலயங்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற கட்டட வல்லுநர் பார்வையிட்டு, எது அவசரம், எது பொறுக்கும் என்று எழுதித் தர வேண்டும். திட்டமிட நல்ல வழி. ஆனால் வேலைக்கான பணத்தை அந்தந்தச் சபையார்தான் திரட்ட வேண்டும்.

நெதர்லாந்தில் 1973இல் தொடங்கிய மோனுமென்டன்வாக்ட் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. உரிமையாளர் சந்தா கட்டினால், பயிற்சி பெற்றவர்கள் கருவிகளோடு வந்து கூரைமேல் ஏறிப் பார்க்கிறார்கள். நழுவிய ஓட்டைச் சரிசெய்வது போன்ற சின்ன வேலைகளை அங்கேயே முடித்துவிட்டு, மற்றதை அறிக்கையாகத் தருகிறார்கள். பெரிய பழுதுக்கு இது போதாது, உண்மைதான். ஆனால் பழுது பெரிதாகும் முன்பே தெரிந்துவிடுகிறது.

நான் கேட்டால், 12 ஆண்டுத் திருப்பணி இருக்கட்டும், அதோடு ஆண்டுக்கொரு பார்வையும் வேண்டும் என்பேன். இது நமக்குப் புதிதும் அல்ல. அப்பர் கையில் இருப்பது புல் செதுக்கும் உழவாரம்தானே? இன்றும் உழவாரப் பணிக் குழுக்கள் விடுமுறை நாளில் வந்து பிராகாரத்தைச் சுத்தம் செய்கின்றன. ஐப்பசி மழைக்கு முன், ஆவணியிலோ புரட்டாசியிலோ, விவரம் தெரிந்த ஒரு ஸ்தபதியோடு அவர்களில் நாலு பேர் மேல்தளத்துக்கும் போகட்டும். தடித்த வேரை அவர் சொல்லாமல் இழுக்க வேண்டாம், கல்லும் சேர்ந்து வந்துவிடும். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதிக் கோயில் அலுவலகத்தில் வைத்தால், அடுத்த திருப்பணிக்கு மதிப்பீடு போடுகிறவர் முதலில் அதைத்தான் புரட்டுவார்.