ஈடிபஸா, கிரியோனா: அரியணை யாரை மாற்றியது?

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் அதிகாரம் ஓர் ஆட்சியாளனின் குணத்தை எப்படி மாற்றுகிறது என்று வாசகர் வட்டமொன்றில் பேச வேண்டியிருந்தது. ஒரே ஓர் அரசனைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஈஸ்கிலஸின் நாடகத்தில் வரும் பாரசீக அரசன் செர்க்சீஸ் போரில் தோற்றுத் திரும்பிய பிறகே மேடைக்கு வருகிறான். அவருடைய இன்னொரு நாடகத்தில் வரும் கிரேக்க அரசன் அகமெம்னானுக்கோ ஒரு காட்சிதான். எஞ்சியவர்கள் சோஃபோகிளீஸ் படைத்த தீப்ஸ் அரசர்களான ஈடிபஸும் கிரியோனும். நான் கிரியோனையே தேர்ந்தேன்.

ஈடிபஸின் சிறப்பை விரித்துரைக்கத் தேவையில்லை. கொள்ளைநோயில் வாடும் நகரத்துக்காகக் கண்ணீர் விட்ட அதே அரசன், முந்தைய அரசனைக் கொன்றவன் நீயே என்ற உண்மையைப் பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸ் சொன்னதும் அதைச் சதி என்கிறான். ஆனால் அந்தச் சினத்தை அவனுக்கு அரியணையா தந்தது? நாடற்று அலைந்த காலத்திலேயே, மூன்று பாதைகள் கூடுமிடத்தில் நேர்ந்த வழித்தகராறில் ஒரு முதியவரைக் கொன்றவன் அவன்.

அதிகாரம் ஒருவனை மாற்றியது என்று சொல்வதற்கு, அது கைக்கு வருமுன் அவன் எப்படி இருந்தான் என்பது தெரிந்தாக வேண்டும்; என் தேர்வைத் தீர்மானித்தது இதுதான். ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தில் கிரியோன் அரசியின் உடன்பிறந்தவன் மட்டுமே. ஈடிபஸ் தன்மீது சுமத்தும் சதிக் குற்றச்சாட்டுக்கு அவன் தரும் விடை நிதானமானது: அரசனுக்குரிய செல்வாக்கு அச்சமின்றியே கிடைக்கும்போது, தூக்கத்தைக் கெடுக்கும் அரியணையை அறிவுள்ள எவன் விரும்புவான்? அதோடு, நகரத்தில் தனக்கும் பங்குண்டு, அது ஈடிபஸுக்கு மட்டும் உரியதன்று என்றும் வாதிடுகிறான். ‘ஆன்டிகனி’யில் அரசனாகிவிட்ட கிரியோனோ, தன் மகன் ஹேமோனிடம், நகரம் ஆள்பவனுக்கே உரியதல்லவா என்று கேட்கிறான். ஒரே மனிதனுக்குச் சொந்தமானது நகரமே அன்று என்கிறான் மகன். ஒரு காலத்தில் தந்தை பேசிய நியாயம் இப்போது மகனின் வாயிலிருந்து வருகிறது. முன்பு பொய்ப்பழி சுமந்தவன் இப்போது காவலனையும் டைரீசியஸையும் பணத்துக்கு விலைபோனவர்கள் என்று பழிக்கிறான். ஆட்சியில் சோதிக்கப்படும்வரை ஒருவனின் உள்ளத்தை அறிய முடியாது என்று தன் முதல் உரையிலேயே அறிவித்தவனும் அவன்தான்!

இரு நாடகங்களின் கிரியோனையும் ஒருவனாக்கும் இந்த ஒட்டு என் கைவேலை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஆன்டிகனி’ கி.மு. 441 வாக்கில் மேடையேறியது. ‘ஈடிபஸ் மன்னன்’ அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்குப் பிந்தியது என்பதே பொதுவான கணிப்பு. இரண்டும் ஒரே தொடரின் பகுதிகள் அல்ல. நிதானமான கிரியோனைச் சோஃபோகிளீஸ் பின்னர்தான் எழுதினார். ஆசிரியர் இறந்தபின் கி.மு. 401-இல் மேடையேறிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’ இன்னும் இடைஞ்சலானது: அங்கே கிரியோன் அரியணை ஏறாமலேயே ஈடிபஸின் மகள்களை வன்முறையாகப் பிடித்துச் செல்கிறான். மொழிபெயர்ப்பில் மட்டுமே படித்தவன் என்பதால் சொல் நுட்பங்களையும் நான் துணைக்கு அழைக்க இயலாது.

ஆனாலும் ‘ஆன்டிகனி’யின் இறுதிப்பகுதி ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது. தன் தடையை மீறி, உடன்பிறந்தவனான பாலினைசஸின் உடலுக்கு இறுதிச்சடங்கு செய்த ஈடிபஸின் மகள் ஆன்டிகனியைக் கிரியோன் குகையில் அடைத்திருந்தான். டைரீசியஸின் எச்சரிக்கையால் கலங்கிய கிரியோன், என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள், கீழ்ப்படிகிறேன் என்று கோரஸாக, அதாவது பாடற்குழுவாக, வரும் நகர முதியவர்களிடம் கேட்கிறான். போய் அந்தப் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, பிறகு பாலினைசஸுக்குக் கல்லறை எழுப்பு என்கிறார்கள் அவர்கள். அவன் முதலில் உடலை எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டு, அதன் பிறகே குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கில் தொங்கியிருந்தாள்.