கேத் லேபில் நிற்பதா, ஆய்வகத்தில் உட்காருவதா?

உயிர்மருத்துவப் பொறியியலில் மூன்றாம் ஆண்டை முடிக்கும் மாணவருக்குக் கோடை விடுமுறையில் இரண்டு வழிகள் இருக்கின்றன: மருத்துவமனையில் சிகிச்சைகளை உடனிருந்து பார்ப்பது, அல்லது ஆய்வகத்தில் சேர்ந்து சிறு ஆய்வொன்றைத் தன் கையால் செய்வது. நான் இதயநோய்ப் பிரிவின் கேத் லேபில், அதாவது கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இரத்தநாளம் வழியாகச் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறையில், நான்கு வாரமும், பிறகு செயற்கை இதய வால்வுகளைச் சோதிக்கும் ஆய்வகமொன்றில் ஆறு வாரமும் இருந்தேன்.

கேத் லேபில் ஈயக் கவச அங்கியை அணிந்துகொண்டு, எதையும் தொடாமல், சுவரோரமாக நிற்பதே மாணவரின் வேலை. ஒருநாள், மணிக்கட்டுத் தமனி வழியாகக் கதீட்டர் உள்ளே போன பிறகு, செங்குத்தாக ஏறி இறங்க வேண்டிய அழுத்த அலை திரையில் மழுங்கித் தெரிந்தது. மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தார். டெக்னீஷியன் குழாயைப் பார்த்தார். அழுத்தத்தை மின்சைகையாக மாற்றும் டிரான்ஸ்டியூசருக்கு அருகில் மிளகளவு காற்றுக்குமிழ் ஒன்று இருந்தது. அவர் த்ரீ-வே அடைப்பானைத் திருப்பி, உப்புநீரால் குமிழை வெளிப்பக்கமாகத் தள்ளியதும் அலை நிமிர்ந்துவிட்டது. காற்று அமுங்கக்கூடியது என்பதால் திரவத்தின் வழியே வரும் அழுத்தத்தை அது மட்டுப்படுத்தும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனால் அந்தச் சமன்பாட்டுக்கு ஒரு நோயாளி உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆய்வகத்தில் அதே குமிழை நானே வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 40 விழுக்காடு கிளிசரின் கலந்த நீர் இரத்தத்தின் பாகுத்தன்மையை ஒத்திருப்பதால், அதைக் குழாய்ச் சுற்றில் நிரப்பி, பம்பை நிமிடத்துக்கு 70 துடிப்பில் ஓடவிட்டோம். கசிவில்லாமல் சுற்றை ஓட்டவே மூன்று வாரம் போயிற்று. டிரான்ஸ்டியூசரை 10 செ.மீ. தாழ்த்தி வைத்தால் உண்மையான அழுத்தத்தைவிட 7 மி.மீ. பாதரசத்துக்கும் மேல் கூட்டிக் காட்டும் என்பதை அங்கே தவறுசெய்துதான் கற்றேன். அந்தத் தவற்றைச் செய்ய ஆய்வகம் இடம் கொடுக்கிறது. கேத் லேப் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது.

வாய்ப்புக் கிடைக்கும் வகையிலும் வேறுபாடு உண்டு. ஆய்வகத்துக்கு, இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை போன்ற திறந்த வழிகள் இருக்கின்றன. மருத்துவமனைக்குள் நுழையப் பெரும்பாலும் துறைத்தலைவரின் அனுமதியும், நோயாளியின் சம்மதமும், கண்டதை வெளியில் பேசாத கட்டுப்பாடும் வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்குத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் சான்று. மருத்துவமனையும் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவும் ஒரே நிறுவனத்தின் கீழ் இயங்கிய அந்த இடத்தில், அறுவை மருத்துவர் வலியத்தானின் தலைமையில், முதல் மூன்று மாதிரிகள் தோற்ற பிறகு நான்காவது மாதிரியாக உருவான ‘சித்ரா’ செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று கணக்கிட்டாலே, ஒரு வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை திறந்து மூட வேண்டும். அத்தனை சுழற்சிகளை ஆய்வகத்து எந்திரத்தில்தான் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க முடியும்; அது யாருக்காக என்பதை அறுவை அரங்கில்தான் பார்க்க முடியும்.

எட்டு வாரம் மட்டுமே கையில் இருப்பவருக்கு நான் சொல்வது இது: முதல் இரண்டு வாரம் மருத்துவமனை, மீதி ஆறும் ஆய்வகம். கைகட்டி நிற்பவருக்கு மூன்றாவது வாரத்திலிருந்து புதிதாகக் கிடைப்பது வேகமாகக் குறைகிறது. ஆய்வகமோ நான்காவது வாரத்துக்குப் பிறகுதான் பேசத் தொடங்குகிறது. கடைசியில் ஒரு நாளை மட்டும் மருத்துவமனைக்குத் திரும்பிப் போக ஒதுக்குங்கள். குமிழின் அளவு கூடக்கூட உச்ச அழுத்தம் எப்படிக் குறைகிறது என்ற வரைபடத்தோடு நான் அந்த டெக்னீஷியனிடம் போனேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, “உச்சம் குறையும் வரைக்கும் நாங்கள் காத்திருக்க மாட்டோம் தம்பி. அலை இறங்கும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறதே, அது மறைந்தாலே குழாயைப் பார்த்துவிடுவோம்” என்றார். அந்த வெட்டை நான் அளந்திருக்கவில்லை. மறுநாள் ஆய்வகத்துக்குப் போய், அட்டவணையில் அதற்கும் ஒரு பத்தி சேர்த்து, பம்பை மீண்டும் ஓட்டினேன்.