ஜின்செங், லிங்ஜி, ஹெ ஷோ வு, கோஜி: நான்கில் எது தேறும்?

மூப்பைத் தள்ளிப்போடும் என்று விற்கப்படும் சீன மூலிகைகளில் நான்கு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: ஜின்செங் வேர், லிங்ஜி காளான் (ரெய்ஷி என்றும் விற்பார்கள்), ஹெ ஷோ வு கிழங்கு, கோஜி பழம். இவற்றில் எதுவும் மனித ஆயுளை நீட்டியதாக இதுவரை நிரூபணம் ஆகவில்லை. அதனால் நான் பார்க்கப்போவது, வயதான உடம்புக்கு எது கொஞ்சமாவது உதவும், எது கெடுக்கும் என்பதை மட்டும்தான்.

'பழைய நூலிலேயே சொல்லியிருக்கிறது' என்ற வாதத்தை இங்கே நம்ப முடியாது. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான ஷென்னோங் மருந்து நூல் 365 சரக்குகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. முதல் தரத்தில் 120 சரக்குகள். நெடுநாள் சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை, ஆயுள் கூடும் என்பது அவற்றுக்கான சான்றிதழ். ஜின்செங், லிங்ஜி, கோஜி மூன்றும் அதில் உண்டு. சாதிலிங்கமும் உண்டு! பாதரசமும் கந்தகமும் சேர்ந்த அந்தத் தாதுதான் பட்டியலில் முதலாவது. சாகாவரம் வேண்டி ரசக் குளிகைகளை விழுங்கி டாங் வம்சப் பேரரசர்கள் சிலர் உயிரை விட்டதாக வரலாறு சொல்கிறது.

சரி, ஜின்செங்குக்கு வருவோம். வடகிழக்குச் சீனத்தின் ஜிலின் மாகாணத்தில் உள்ள சாங்பாய் மலைப்பகுதிதான் இதன் தாய்மண். காட்டு வேர் என்றால் மயிரிழை போன்ற சல்லிவேர்கூட அறாமல் தோண்டி, அட்டையில் நூலால் தைத்துப் பெட்டியில் வைத்து விற்பார்கள். விலை நகைக்கடை விலை. தோட்டத்தில் வளர்த்ததைக் காயவைத்தால் வெள்ளை ஜின்செங், ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் சிவப்பு. இதற்கு அமெரிக்காவிலும் ஒரு பங்காளி உண்டு. 1716-இல் மொன்ட்ரியால் அருகே லாஃபிதோ என்ற பாதிரியார் அதைக் கண்டறிந்தார். 1784-இல் சீனாவுக்குக் கிளம்பிய முதல் அமெரிக்க வணிகக் கப்பலின் முக்கியச் சரக்கே அந்த வேர்தான். சீன வைத்தியர்கள் ஆசிய வேரைச் சூடு என்றும் அமெரிக்க வேரைக் குளிர்ச்சி என்றும் பிரிக்கிறார்கள். நம்மூரில் பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று சொல்வோமே, அந்த மாதிரி. தூக்கம் வராதவருக்கும் காய்ச்சல்காரருக்கும் ஆசிய வேரை அவர்களே தரத் தயங்குவார்கள். இந்த நிதானம் மாத்திரை டப்பாவில் கிடைக்காது.

சோர்வுக்கு ஜின்செங் பற்றி ஓரளவு ஆதாரம் இருக்கிறது. புற்றுநோய்ச் சோர்வு இருந்த 364 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. தினம் 2 கிராம் அமெரிக்க ஜின்செங் எடுத்தவர்களுக்கு எட்டாவது வாரத்தில் சோர்வு குறைந்திருந்தது. நான்காவது வாரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஞாபகசக்திக்கு நல்லது என்ற பேச்சுக்கு, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு 2010-இல் உறுதியான ஆதாரம் எதையும் காணவில்லை. சீன அரசு 2012-இல் இதை உணவாக அனுமதித்தபோதும் ஐந்தாண்டுக்குள் வளர்ந்த தோட்ட வேர் மட்டும்தான், நாளுக்கு 3 கிராமுக்கு மேல் கூடாது, கர்ப்பிணிகளுக்கும் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் ஆகாது என்று எல்லை போட்டது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

லிங்ஜியின் பெருமை பெரும்பாலும் ஓவியத்திலும் சிற்பத்திலும்தான். மரக்கட்டை போல இருக்கும், கடிக்க முடியாது, கஷாயம் கடும் கசப்பு. சர்க்கரை நோயாளிகளின் இதய ஆபத்தைக் குறைக்குமா என்று 2015-இல் காக்ரேன் பார்த்தது. பலன் தெரியவில்லை. எனக்கு இதில் காசு போட மனம் வரவில்லை.

ஹெ ஷோ வு பற்றித்தான் எனக்குக் கோபம். ஹெ என்ற கிழவர் இந்தக் கிழங்கைத் தின்று நரை கறுத்து, பிள்ளைகள் பெற்று, நூறு தாண்டி வாழ்ந்தார் என்பது கதை. 1933-இல் இறந்தபோது 256 வயது என்று சொல்லப்பட்ட லீ சிங்-யுவென் பெயரையும் விளம்பரக்காரர்கள் கூடவே இழுப்பார்கள். அந்த வயதுக்கு நம்பத்தக்க சான்று கிடையாது. நரைமுடிக்காக இதை வாங்குபவர்கள்தான் அதிகம், ஈரல் வீங்கி மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு. 2006-இல் பிரிட்டன் எச்சரித்தது, 2014-இல் சீன மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. பச்சைக் கிழங்கைக் கறுப்புச் சோயா சாற்றில் வேகவைத்துச் சுத்தி செய்தால் நஞ்சு குறையும் என்பார்கள். குறையலாம், ஆனால் அப்படிச் சுத்தி செய்த கிழங்காலும் ஈரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு என்று சீன ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். நமக்கு அந்த மரபணு இருக்கிறதா என்று யார் பார்த்துவிட்டு விற்கிறார்கள்? இது வேண்டவே வேண்டாம்.

இந்த நான்கில் மிக மலிவானது கோஜி. என் ஓட்டு அதற்குத்தான். கத்தரிக்காய், தக்காளி குடும்பத்துச் செடி. வடமேற்குச் சீனத்து நிங்சியா பகுதியின் சோங்நிங் வட்டாரப் பழத்துக்குத் தனிப் பெயர். சீன வீடுகளில் கஞ்சியிலும் சூப்பிலும் சும்மா போடும் பொருள். 2017-இல் ஒரு ராக் இசைக்குழுவின் டிரம்மர் கையில் ஃபிளாஸ்க்கோடு நிற்கும் படம் பரவியதும், ஃபிளாஸ்க்கில் ஊறும் கோஜி நடுவயதின் அடையாளமாகிச் சீன இணையமே சிரித்தது. விழித்திரை நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளிக்கு வேண்டிய ஸியாக்ஸாந்தின் என்ற நிறமி இதில் நிறைய. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 45 முதல் 65 வயதுக்காரர்கள் 13 பேர் வாரம் ஐந்து நாள் 28 கிராம் வீதம் 90 நாள் சாப்பிட்டபோது கண்ணின் அந்தக் காப்பு நிறமி கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனால் பலனே இல்லை என்றாலும் ஒரு கைப்பிடி பழம் சாப்பிட்டோம் என்று போகும். வார்ஃபரின் எச்சரிக்கை மட்டும் இதற்கும் உண்டு, இங்கே ரத்தக்கசிவு பயம்.

வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் சிவப்பைத் தவிருங்கள். நல்ல பழம் கருஞ்சிவப்பாக, காம்பு இருந்த முனையில் வெளிறிய புள்ளியோடு இருக்கும். அந்தப் புள்ளியும் சிவந்திருந்தால் சாயம் போட்டிருக்கலாம். மூக்கைக் குத்தும் புளிப்பு வாடை வந்தால் கந்தகப் புகை காட்டியிருக்கலாம். கழுவிவிட்டு, கஞ்சி இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போட்டால் போதும்.