எளிய நிலையில் எந்தக் கட்டையை விட்டுவைப்பது?

திரையில் ஓடிவரும் குறிகளுக்கு ஏற்பப் பாட்டோடு சேர்ந்து வாசிக்கும் வீடியோ விளையாட்டுகளான தாள விளையாட்டுகளில் பியானோப் பகுதியை எளிய நிலைகளுக்குக் குறைத்து எழுதுகிறவர், மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு கார்டிலும் (chord) எதை எடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாக வேண்டும். ஐந்து வண்ணத் தடங்கள் மட்டும் உள்ள முறையில் இது பெரிய சிக்கல் அன்று. அங்கே தடத்துக்கும் சுரத்துக்கும் நேரடி உறவு கிடையாது. 2010இல் வெளிவந்த ராக் பேண்ட் 3, இரண்டு ஸ்தாயி அடங்கிய 25 கட்டை கீபோர்டைக் கொண்டுவந்து, மிகக் கடினமான நிலையில் உண்மையான சுரங்களையே வாசிக்கச் செய்தபோது, இந்தக் குறைப்பு இசையறிவு கேட்கும் வேலையாக மாறியது.

கொழிஞ்சாம்பாறையில் மாலையில் என்னிடம் கீபோர்டு பழக வரும் பிள்ளைகளுக்காக இத்தகைய நிலைகளை நான் எழுதிவருகிறேன். குறைக்கும் முறைகள் எல்லாவற்றையும் ஒரே கார்ட் வரிசையில் வைத்துப் பார்ப்பது எனக்கு உதவியிருக்கிறது. வலது கை, மேற்கத்தியச் சுரப் பெயர்களில் சொன்னால், முதலில் சி–ஈ–ஜி, அடுத்து சி–எஃப்–ஏ, அதற்கடுத்து பி–டி–ஜி வாசிக்கிறது என்று கொள்வோம். இவை முறையே சி, எஃப், ஜி மேஜர் கார்டுகள்.

முதல் நிலையில் ஒரே கட்டைதான் என்றால், பலரும் கார்டுக்குப் பெயர் தரும் ஆதார சுரத்தை வைத்துக்கொள்கிறார்கள். அப்போது சி, எஃப், ஜி என்று வரும். காதுக்கு நிறைவாகவே இருக்கும். ஆனால் அந்தச் சுரம் முதல் கார்டில் கைக்கு அடியிலும், இரண்டாவதில் நடுவிலும், மூன்றாவதில் உச்சியிலும் இருப்பதால், பிள்ளை ஒரே விரலைத் தாவவைத்து வாசிக்கப் பழகிவிடுகிறது. பின்னால் முழு கார்டுக்கு வரும்போது அந்தப் பழக்கத்தை மறக்கவேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, அதே சுரங்களைப் பேஸ் கிட்டார் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும். கார்டில் மிகக் கீழே இருக்கும் அடிச்சுரத்தை வைத்தால் சி, சி, பி என்று வரும். கைக்கு இதைவிடச் சுலபம் வேறில்லை. ஆயினும் முதல் கார்டிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் இடத்தில் விரல் மாறுவதில்லை. “மாஷே (வாத்தியாரே), பாட்டு மாறுது, எனக்கு மட்டும் ஏன் மாறவே இல்லை?” என்று ஒரு பையன் கேட்டதோடு அந்த முறையைக் கைவிட்டேன்.

உச்சிச் சுரத்தை வைக்கும் மூன்றாவது முறையில் ஜி, ஏ, ஜி என்று வருகிறது. கார்ட் மாறும்போதெல்லாம் சுரமும் ஒரே ஒரு படி நகர்கிறது. கார்டில் காது முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் அந்த உச்சிச் சுரத்தைத்தான். சி–ஈ–ஜியிலிருந்து நேராக பி–டி–ஜிக்குப் போகும் பாட்டில் உச்சி அசையாது என்பது இதன் குறை. அங்கே மட்டும் அந்த வரி முழுவதையும் அடிச்சுரத்துக்கு மாற்றிவிடுவேன். ஒரே வரிக்குள் மேலும் கீழும் மாற்றுவது பிள்ளையைக் குழப்பும்.

இரண்டு கட்டைகள் வரும் நடு நிலையில் உண்மையான போட்டி இரண்டு வெளிச்சுரங்களுக்கும் இரண்டு மேற்சுரங்களுக்கும் இடையேதான். மேற்சுரங்கள் ஈ–ஜி, எஃப்–ஏ, டி–ஜி என்று இனிமையாகவே ஒலிக்கும். வெளிச்சுரங்களோ சி–ஜி, சி–ஏ, பி–ஜி. இதில் முதல் கார்டில் காந்தாரம் (ஈ) போய்விடுகிறது; சட்ஜமும் (சி) பஞ்சமமும் (ஜி) மட்டும் கேட்டால் அது சங்கராபரணத்தின் (மேஜர்) பக்கமா நடபைரவியின் (மைனர்) பக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. (பாலக்காட்டுப் பக்கத்தில் வாய்ப்பாட்டு பயின்றுவிட்டுக் கீபோர்டுக்கு வரும் பிள்ளைகள் இதை நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.) இருந்தும் நான் வெளிச்சுரங்களையே தேர்கிறேன். மூன்று கார்டுகளிலும் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் அவற்றை வாசிக்கின்றன. அடுத்த நிலைக்குப் போகிறவர் நடுவில் ஒரு விரலைச் சேர்த்தால் போதும், முதல் இரண்டு கார்டுகளில் மூன்றாம் விரல், கடைசியில் இரண்டாம் விரல். காந்தாரத்தைப் பெரும்பாலும் கிட்டாரோ குரலோ கொடுத்துவிடும். பியானோ தனித்து ஒலிக்கும் தொடக்கங்களில் மட்டும் சி–ஈ என்று கீழ் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

மூன்று சுர கார்டுகளில் மூன்றாம் நிலைக்குக் குறைக்க எதுவும் இல்லை. பி–டி–எஃப்–ஜி போன்ற நான்கு சுர கார்டில் டியை எடுத்துவிடலாம். பியும் எஃபும் சேர்ந்து உண்டாக்கும் இழுவிசைதான் அந்த கார்டின் உயிர், டி போனால் அது கெடுவதில்லை.

சுரங்களைத் தொடாமல் அழுத்தங்களின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கும் முறையும் உண்டு. நிமிடத்துக்கு 120 தாள அடி (beat) ஓடும் பாட்டில், அடிக்கு இரண்டு முறை கார்ட் விழுந்தால் வினாடிக்கு நான்கு அழுத்தங்கள். அதை இரண்டடிக்கு ஒன்றாக்கினால் வினாடிக்கு ஒன்றுதான். முழு கார்டையும் நிதானமாக அழுத்துவது கைப்பழக்கத்துக்கு நல்லதே என்றாலும், கீபோர்டே தொட்டிராத பிள்ளைக்கு மூன்று விரல்களும் ஒரே கணத்தில் விழுவதுதான் கடினம், வேகம் அன்று. ஆகவே முதல் நிலையில் சுரம், அழுத்தம் இரண்டையும் குறைக்கிறேன். அரை அடி முந்தி மாறும் கார்டை எளிமை கருதி அடியின் மேல் நகர்த்திவைத்தால், பிள்ளை சரியாக வாசித்தும் பாட்டுக்குப் பின்னால் ஓடுவதுபோல் கேட்கும். அதனால் அந்த கார்டை அதன் இடத்திலேயே விட்டு, அதற்கடுத்து வரும் அழுத்தத்தைத்தான் எடுக்கிறேன்.