வரிசை எண்ணை யார் தருவது?

தாமிரபரணிக் கரையில் பாபநாசம் முதல் சேர்ந்தபூமங்கலம் வரையுள்ள நவகைலாயத் தலங்கள் ஒன்பதையும் வழிபாட்டு முறைப்படி ஒரு பட்டியலில் இட்டிருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு ஊரையும் அதன் வரிசை எண்ணோடு அச்சிட வேண்டும் என்றால், அந்த எண்ணைத் தருவதில் நிரல்மொழிக்கு நிரல்மொழி வழி மாறுகிறது. இங்கே பேசப்படும் மொழிகளில் எண்ணுவது 0இல் தொடங்கும்.

பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின்மீதும் ஒரு ஃபங்ஷனை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டின் மேப், நாம் கேட்காமலே உறுப்போடு அதன் எண்ணையும் நம் ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிடுகிறது. இது வசதிதான், ஆனால் "1", "2", "3" என்னும் எழுத்துச் சரங்களை எண்களாக்குவதற்காக பார்ஸ்இன்ட்டை அப்படியே அதனிடம் ஒப்படைத்தால் முதலாவது மட்டுமே எண்ணாக வரும், மற்ற இரண்டும் 'எண் அல்ல' என்று வந்து நிற்கும். பார்ஸ்இன்ட் தன் இரண்டாம் உள்ளீட்டை எண்முறையின் அடிமானமாகக் கொள்வதே காரணம்: 0 வந்தால் வழக்கமான பத்தடிமானம், 1 செல்லாத அடிமானம், 2 வந்தாலோ இரும எண்முறையில் 3 என்ற இலக்கமே கிடையாது.

காட்லினில் மேப், உறுப்புகளைப் பிரித்தெடுக்கும் ஃபில்டர் ஆகியவை எண்ணோடு இயங்க மேப்இன்டெக்ஸ்டு, ஃபில்டர்இன்டெக்ஸ்டு எனத் தனிப்பெயர்கள் உண்டு. குழப்பமில்லை, எனினும் ஒவ்வொரு வினைக்கும் ஓர் இரட்டைப் பிள்ளையைப் பெற்றுக்கொண்டே போக முடியாது. நிபந்தனை பொருந்தும் வரை உறுப்புகளை எடுக்கும் டேக்வைலுக்கு அப்படியொரு இரட்டை இல்லாததால், உறுப்போடு எண்ணை இணைத்துத் தரும் வித்இன்டெக்ஸைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

பைதான் 2003இல் 2.3 பதிப்பில் கொண்டுவந்த எனுமரேட், எண்ணிடுவதைத் தனி வேலையாகப் பிரித்தது. ரஸ்டிலும் அதே பெயரில் உள்ளது. என் தேர்வு இதுவே, ஏனெனில் எண் எந்தக் கட்டத்தில் இடப்பட்டது என்பது நிரலிலேயே தெரிகிறது. நம் பட்டியலில் முறப்பநாடு தொடங்கிக் கடைசி ஐந்து ஊர்களும் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவை. எண்ணிட்ட பிறகு அவற்றைப் பிரித்தெடுத்தால் 4 முதல் 8 வரையும், பிரித்தெடுத்த பிறகு எண்ணிட்டால் 0 முதல் 4 வரையும் கிடைக்கும். முன்னது பட்டியலில் உள்ள இடம், பின்னது வெறும் எண்ணிக்கை.

இந்த வேறுபாட்டை மறந்தால் ஸ்விஃப்ட் சும்மா விடாது. அதே ஐந்து ஊர்களை மூலப் பட்டியலின் துண்டாக வெட்டினால், துண்டின் சொந்த எண் 4இல் தொடங்கும், எனுமரேட்டுக்கு இணையாக அங்குள்ள எனுமரேட்டடு தருவதோ 0இல் தொடங்கும்; அந்த 0ஐக் கொண்டு துண்டில் ஊரைத் தேடினால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

பைதான் 2.6இல் வந்த தொடக்க எண் வசதியையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 1இலிருந்து எண்ணச் சொன்னால் அச்சில் பாபநாசம் முதலாவதாக வரும். அந்த 1ஐ வைத்துப் பட்டியலைக் கேட்டாலோ சேரன்மகாதேவியே கிடைக்கும்.